கிளை நூலகத்துக்குத் திருட்டைக் கண்டுபிடிக்கும் கேட் தேவையா?

கேள்வி, 9 ஜூன் 2024

எங்கள் ஊர் முழுநேரக் கிளை நூலகத்தில் 28,000 புத்தகம் இருக்கிறது. வருடா வருடம் காணாமல் போகிறது. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் 8 லட்சம் தருகிறேன், வாசலில் கேட் வையுங்கள், புத்தகத்தை மறைத்து எடுத்துப் போனால் கத்துமே அந்த மாதிரி என்கிறார். விலைப்புள்ளி வாங்கிவிட்டோம். புத்தகத்துக்குள் ஒட்டும் டேக் 12 ரூபாய், கேட் 2,60,000, மேசை ரீடர் 45,000, கையில் பிடித்து ஸ்கேன் செய்யும் ரீடர் 1,10,000. வாங்கலாமா? அடுத்த மாதம் வாசகர் வட்டக் கூட்டம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

9 ஜூன் 2024, இரவு

வேண்டாம்.

10 ஜூன் 2024

நேற்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் "பெரியவர் கோபத்தில் இருக்கிறார் போல" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோபம் எல்லாம் இல்லை. 31 வருடம் நூலகராக இருந்தேன். மூன்றாம் நிலையில் சேர்ந்து இரண்டாம் நிலையில் 2019இல் ஓய்வு. கடைசி ஒன்பது வருடம் உங்களுடையது மாதிரியே ஒரு கிளை, கிட்டத்தட்ட அதே அளவு.

கணக்கைச் சொல்கிறேன். நான் ஓய்வு பெறும் முன் மூன்று வருடத்துக்குச் சேர்த்து இருப்பு சரிபார்த்தோம். 212 புத்தகம் இல்லை. சராசரி விலை 150 என்று வையுங்கள், 31,800 ரூபாய். வருடத்துக்கு 10,600. இப்போது உங்கள் விலைப்புள்ளி. 28,000 டேக் 3,36,000. மற்றதையும் சேர்த்தால் 7,51,000. அதோடு நிற்காது. வருடாந்திரப் பராமரிப்பு கருவிகளின் விலையில் 8 சதவீதம் என்றாலும் 33,200. அதாவது 10,600 ரூபாய்ப் புத்தகத்தைக் காப்பாற்ற வருடம் 33,200. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்.

அந்த 8 லட்சத்தில் பராமரிப்பு கிடையாது, கவனித்தீர்களா? வாங்கித் தருபவர் ஒரு முறைதான் தருவார். மூன்றாம் வருடம் கேட் பழுதானால் அதைத் தாண்டி நடப்பதற்குப் பழகிக்கொள்வீர்கள்.

இன்னொன்று. கேள்வி வந்த தேதியைப் பாருங்கள். நேற்றுதான் குரூப் 4 தேர்வு. இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். "காணாமல் போன" கைடுகளில் சிலது தானாகத் திரும்பி வரும். ரேக்கின் மேல் தட்டில், யாரும் பார்க்காத நேரத்தில்.

11 ஜூன் 2024

"பணக் கணக்கு மட்டும்தானா, திருடுவது தப்பு என்று காட்ட வேண்டாமா" என்று கேட்டிருக்கிறார்கள். காட்டலாம். யார் காட்டுவது?

கேட் கத்துகிறது. சரி. அப்புறம்? யாராவது எழுந்து போய் அந்த ஆளை நிறுத்தி, பையைத் திறங்கள் என்று கேட்க வேண்டும். எங்கள் கிளையில் பாதி நாள் நான் ஒருவன்தான். கவுண்டரில் ஐந்து பேர் புத்தகத்தோடு நிற்பார்கள், தொலைபேசி அடிக்கும், பேப்பர் போடும் பையன் பில் நீட்டுவான். அதற்குள் கேட் கத்தினால் நான் தலையைத் தூக்குவதற்குள் அவர் பேருந்து நிறுத்தத்தில் இருப்பார். உங்கள் கிளையில் எத்தனை பேர்? அதை எழுதவே இல்லை.

கத்துவதில் எத்தனை உண்மை என்பது அடுத்த கேள்வி. கவுண்டரில் பதிந்துவிட்டு டேக்கை மாற்றிப் பதிய மறந்துவிட்டால், ஒழுங்காக எடுத்துப் போகிறவருக்குக் கத்தும். வேறு நூலகத்துப் புத்தகம் பையில் இருந்தாலும் சில இடங்களில் கத்தும். என் நண்பர் வேலை பார்த்த ஒரு கல்லூரி நூலகத்தில், முதல் மாதம் கத்தும்போதெல்லாம் காவலாளி ஓடி வந்தாராம். நான்காம் மாதம் நாற்காலியில் இருந்தபடியே "போ, போ" என்று கையை ஆட்டினாராம். ஒரு பேராசிரியையை இரண்டு முறை நிறுத்தியதில் அவர் நூலகத்துக்கு வருவதையே விட்டுவிட்டாராம். திருடன் பயந்தானோ இல்லையோ, அவர் பயந்துவிட்டார்.

14 ஜூன் 2024

"எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் வேண்டாம் என்கிறீர்கள்" என்று ஒரு தம்பி. நியாயமான குற்றச்சாட்டு. தெரிந்ததைச் சொல்கிறேன்.

பழைய வகை காந்தப் பட்டை. த்ரீஎம் கம்பெனி 1970இல் டாட்டில் டேப் என்று கொண்டுவந்தது. முடி மாதிரி மெல்லிய உலோகப் பட்டை. இரண்டு பக்கங்களுக்கு நடுவில், தையல் ஓரத்தில் செருகி ஒட்டிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது. கேட்டில் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கும், பட்டை அதற்கு எதிரொலி கொடுக்கும். கவுண்டரில் ஒரு கருவியில் தேய்த்தால் பட்டை ஊமையாகிவிடும். திரும்பி வரும்போது மறுபடி தேய்த்து வாய் திறக்க வைக்க வேண்டும். மறந்தால் அந்தப் புத்தகம் அடுத்த திருட்டுக்குத் தயார். ஒலிநாடா காலத்தில் அந்தக் கருவி மேல் கேசட்டை வைத்துப் பாட்டை அழித்தவர்கள் உண்டு.

புதிய வகை ஆர்எஃப்ஐடி. உங்கள் விலைப்புள்ளி இதுதான். சின்ன சில்லும் சுருள் ஆண்டெனாவும் உள்ள ஸ்டிக்கர், பேட்டரி கிடையாது. நூலகங்களில் பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்ஸ். கேட் அலை அனுப்பும், டேக் பதில் சொல்லும். எந்தப் புத்தகம் என்பதையும் சொல்லும் என்பதுதான் காந்தப் பட்டையிலிருந்து வித்தியாசம்.

பலவீனங்கள் எல்லாம் எளிமையானவை. உலோகம் மறைத்தால் இது வேலை செய்யாது. சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாளைப் பைக்குள் விரித்தால் போதும். இரண்டு டேக் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் படிந்தால் இரண்டுமே சரியாகப் பேசாது. பெரிய புத்தகத்துக்கு இது பிரச்சினை இல்லை. நம் குழந்தைகள் பிரிவில் 16 பக்கப் புத்தகங்கள் தோசை மாதிரி அடுக்கி இருக்குமே, அங்கே பெரிய பிரச்சினை. ஒவ்வொன்றிலும் இடம் மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். மின்வெட்டு நேரத்தில் யுபிஎஸ் இல்லாவிட்டால் கேட் வெறும் இரண்டு கம்பம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பலவீனம் ஜன்னல். எங்கள் கிளையின் மேற்குச் சுவரில் இரண்டு ஜன்னல், கம்பிக்கு நடுவில் ஒரு கை நுழையும். கீழே சந்து. ஒருவன் உள்ளிருந்து நழுவவிட, இன்னொருவன் லுங்கியை விரித்துப் பிடித்தான். இதை எனக்குச் சொன்னது எதிர் வீட்டுப் பாட்டி. "சார், உங்க ஜன்னல்ல இருந்து புஸ்தகம் விழுது, மழை வர மாதிரி இருக்கு, எடுத்து வெச்சுக்கோங்க" என்றார். கொசுவலைக் கம்பி அடித்தேன். 640 ரூபாய்.

15 ஜூன் 2024

அலுமினியத் தாள் பற்றி எழுதியதற்கு "திருடர்களுக்கு வகுப்பு எடுக்கிறீர்களா" என்கிறார்கள். ஐயா, தாள் வாங்கித் திட்டம் போட்டு வருபவன் நம் கிளைக்கா வருவான்?

22 ஜூன் 2024

ஒரு திருத்தம். பெரிய திருத்தம்.

212 என்று சொன்னேன் அல்லவா. நினைவிலிருந்து சொன்னது. நேற்று பரணில் இருந்து என் பழைய நோட்டை எடுத்தேன். 212 என்பது முதல் எண்ணிக்கை. வரவுப் பதிவேட்டையும் ரேக்கையும் ஒப்பிட்டு, இல்லாதது என்று குறித்தது. அதற்கு அடுத்த பக்கத்தில் நானே வேறு கதை எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த 212இல் 64 நூலகத்துக்குள்ளேயே இருந்தது. பைண்டிங்குக்குக் கட்டி வைத்து அனுப்பாமல் விட்ட கட்டில் 22. ரேக்குக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்தது 9. மீதி இடம் மாறிக் கிடந்தது. சமையல் புத்தகம் சைவ சித்தாந்தத்தில். "சைவம்" என்று போட்டிருந்தால் உதவிக்கு வந்த பெண் வேறு என்ன செய்வாள்? என் தப்புதான், சொல்லிக் கொடுக்கவில்லை.

97 புத்தகம் முறைப்படி பதிந்து எடுத்துப் போனது, திரும்பவில்லை. யார் எடுத்தார் என்று தெரியும். அந்த முகவரியில் இப்போது வேறு குடும்பம். நினைவூட்டல் கடிதம் "பெறுபவர் இல்லை" என்று திரும்பி வந்தது. இந்த 97க்கும் எந்தக் கேட்டும் ஒரு முனகல்கூட முனகியிருக்காது. நம் கையாலேயே தேதி முத்திரை குத்தி அனுப்பிய புத்தகம்.

உண்மையில் வாசல் வழியாகவோ ஜன்னல் வழியாகவோ போனது 51. மூன்று வருடத்தில்.

ஆக, 10ஆம் தேதி நான் எழுதிய 10,600 தப்பு. அதைவிடக் குறைவு. எவ்வளவு என்று நாளை கூட்டிச் சொல்கிறேன், மாத்திரை போடும் நேரம்.

23 ஜூன் 2024

கூட்டினேன். 51இல் 34 போட்டித் தேர்வுக் கைடு. சராசரி 450 என்று 15,300. மீதி 17 கதை, கவிதை, ஜோதிடம், சராசரி 120 என்று 2,040. மொத்தம் 17,340. வருடத்துக்கு 5,780.

இப்படி எழுதியவுடன் "அப்போ திருட்டே பெரிய விஷயம் இல்லையா" என்று கேட்பீர்கள். இங்கேதான் எனக்கு இரண்டு மனம். பணமாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. அந்த 34 கைடும் ஒவ்வொன்றும் ஒரே பிரதி. அது போனால் அடுத்த கொள்முதல் வரும்வரை ஊரில் யாருக்கும் இல்லை. 450 ரூபாய் கொடுத்து வாங்க முடியாதவர்கள்தான் அதைத் தேடி வருகிறார்கள். வாங்க முடியாதவன்தான் எடுக்கவும் செய்கிறான்.

ஒரு முறை பிடித்தேன். சட்டைக்குள் செருகியிருந்தான், குனிந்து செருப்பு மாட்டும்போது அட்டையின் முனை பட்டன் வழியாகத் தெரிந்தது. 22, 23 வயது இருக்கும். உள்ளே கூப்பிட்டேன். "என்னுது சார், கடைல வாங்கினேன்" என்றான். முதல் பக்கத்தை ஏற்கெனவே கிழித்திருந்தான். முத்திரை இருந்த பக்கம். நூலக முத்திரை முதல் பக்கத்தோடு முடிவதில்லை. இரகசியப் பக்கம் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரு எண், எல்லாப் புத்தகத்திலும் அதே பக்கத்தில் சின்னதாகக் குத்தி வைப்போம். எங்களுடையது எது என்று இப்போதும் சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் முத்திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். "எக்ஸாம் முடிஞ்சதும் வெச்சிருப்பேன் சார்" என்றான்.

நம்பினேனா என்று கேட்டால், அப்போது இல்லை. உறுப்பினர் ஆகாமல் ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "கைடு வெளியில தர மாட்டீங்கன்னு போர்டு இருக்கே சார்" என்றான். போர்டு நான் எழுதியது. சிவப்பு மையில்.

2 ஜூலை 2024

நேற்றிலிருந்து இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. திருட்டுக்கு 379 என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இனி 303. அதில் ஒரு வேடிக்கை உண்டு. திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ், முதல் முறையாகத் தண்டிக்கப்படுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவை. கைடு திருடியவனை நூலகத்தில் புத்தகம் அடுக்கச் சொல்லி அனுப்பினால் ஆள் பற்றாக்குறையும் தீரும். சைவத்தையும் சைவ சித்தாந்தத்தையும் மட்டும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

3 ஜூலை 2024

கேமரா வைத்தால் போதாதா என்று இரண்டு பேர். வைத்திருந்தோம். பதிவு 15 நாளில் அழிந்து புதிது ஏறும். புத்தகம் இல்லை என்பது மூன்று மாதம் கழித்து ஒருவர் வந்து கேட்கும்போதுதான் தெரியும். கேமராவில் நாங்கள் பிடித்தது ஒரே ஒரு பூனை.

7 ஜூலை 2024

"பெரிய திருடர்கள் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே" என்று கேட்டவருக்காக. அமெரிக்காவில் ஸ்டீபன் பிளம்பெர்க் என்று ஒருவர், 1990இல் அயோவா மாநிலத்தில் பிடிபட்டார். வீட்டில் 23,600க்கு மேற்பட்ட புத்தகங்கள், பல்கலைக்கழகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் எடுத்தவை. விற்பதற்காக எடுக்கவில்லை, அழகாக அடுக்கி வைத்திருந்தார். ஒரு கிளை நூலகத்தின் இருப்பு அது!

ஆனால் அவர் வெளி ஆள். உள் ஆள் விவகாரம் இன்னும் மோசம். பிட்ஸ்பர்க் கார்னகி நூலகத்தில் அரிய நூல் அறையின் காப்பாளரே 25 வருடமாகப் பழைய வரைபடங்களையும் படங்களையும் வெட்டி எடுத்து ஒரு புத்தகக் கடைக்காரருக்கு விற்றிருக்கிறார். 2017இல் காப்பீட்டு மதிப்பீட்டுக்காகக் கணக்கெடுத்தபோதுதான் வெளியே வந்தது. இத்தாலியில் நேப்பிள்ஸ் ஜிரோலமினி நூலகத்தில் 2012இல் கைதானவர் அந்த நூலகத்தின் இயக்குநர். சாவி வைத்திருப்பவருக்குக் கேட் எதற்கு?

பிட்ஸ்பர்க்கில் காட்டிக் கொடுத்தது கணக்கெடுப்பு என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அது பிறகு வரும்.

20 ஜூலை 2024

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

அந்த 51 புத்தகத்துக்கான 17,340 ரூபாயை நான் கட்டினேன். ஓய்வுக்கு முன் "நிலுவை இல்லை" என்று சான்று வேண்டும். இல்லாத புத்தகத்துக்கு நூலகரே பொறுப்பு என்றார்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் 215ஆம் விதி இருக்கிறது. வழங்கியதும் படித்ததுமாக ஆயிரத்துக்கு ஐந்து புத்தகம் ஒரு வருடத்தில் குறைந்தால் அது இயல்பான இழப்பு. நேர்மையின்மையாலோ கவனக்குறைவாலோ நேர்ந்ததாக இருக்கக் கூடாது, ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமும் அரிய புத்தகமும் என்றால் விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் கிளையில் வருடத்துக்கு 18,000 புத்தகம் வழங்கினோம். அந்தக் கணக்கில் 90 வரை இயல்பு. எனக்குப் போனது வருடத்துக்கு 17. விதியை அச்செடுத்துக் கொண்டு போய்க் காட்டினேன். "இது மத்திய அரசு நூலகத்துக்கு சார்" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான்.

பணம் போனது வருத்தம்தான், அதைவிட வேறு ஒன்று இருக்கிறது. நாம் கட்ட வேண்டி வரும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே மூத்தவர்கள் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் என்ன செய்தோம்? பூட்டினோம். விலை கூடிய புத்தகம் எல்லாம் கண்ணாடி பீரோவுக்குள். அகராதி, கலைக்களஞ்சியம், படம் போட்ட புத்தகம், கைடு. சாவி என் இடுப்பில். வேண்டுமென்றால் கேட்க வேண்டும், கேட்டால் நான் எழுந்து போக வேண்டும், எனக்கு ஆள் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்பேன். நாளைக்கு அவர் வர மாட்டார். பீரோவுக்குள் புத்தகம் புது மணத்தோடு அப்படியே இருக்கும். மேலதிகாரி பார்த்து "நன்றாகப் பராமரிக்கிறீர்கள்" என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போவார்.

சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதி வைத்தார். முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் புத்தகத்தைச் சங்கிலியால் மேசையோடு கட்டி வைத்த கதையைச் சொல்லித்தான் அதை ஆரம்பிக்கிறார். பயிற்சியில் நானும் மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கினேன். அப்புறம் 31 வருடம் சாவிக் கொத்தோடு நடந்தேன்.

அதனால்தான் முதல் நாள் கேள்வியைப் பார்த்தவுடன் "வேண்டாம்" என்று வந்தது. யோசித்துச் சொன்ன பதில் இல்லை.

21 ஜூலை 2024

"அப்படியானால் கேட் இருந்திருந்தால் பீரோவைத் திறந்திருப்பீர்களா?" என்று நேற்று இரவே ஒருவர் கேட்டுவிட்டார். நல்ல கேள்வி. பதில் இன்னும் இல்லை.

3 ஆகஸ்ட் 2024

இருக்கிறது இப்போது. ஓரளவு.

தங்கை மகன் வேலை பார்க்கும் கல்லூரிக்குப் போயிருந்தேன். அங்கே ஆர்எஃப்ஐடி. கேட்டைப் பார்த்துவிட்டு ஏளனமாக ஏதோ சொல்லப் போனேன், அவன் "மாமா, இத புடிங்க" என்று பேட்மிண்டன் மட்டை மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்தான். கையடக்க ரீடர். ரேக்கின் முன்னால் மெதுவாக நகர்த்தச் சொன்னான். புத்தகத்தை வெளியே எடுக்கவே இல்லை. டிக் டிக் என்று எண்ணிக்கொண்டே போகிறது. சுமார் 900 புத்தகம் உள்ள ஒரு ரேக்கை 15 நிமிடத்தில் முடித்தேன். இடம் மாறி இருந்த இரண்டையும் அதுவே சொன்னது. ஒன்றிரண்டு டேக்கை அது படிக்காது, அதை மட்டும் கையால் பார்க்க வேண்டும் என்றான்.

எங்கள் கிளையில் அந்த 212ஐக் கண்டுபிடிக்க மூன்று பேர் 19 நாள் உட்கார்ந்தோம். ஒருவர் பதிவு எண்ணைப் படிப்பார், ஒருவர் பதிவேட்டில் டிக் போடுவார், ஒருவர் புத்தகத்தைத் திரும்ப வைப்பார். புழுதியில் மூவருக்கும் இருமல். அந்த 19 நாளும் புத்தகம் வழங்கவில்லை. அதனால்தான் மூன்று வருடத்துக்கு ஒரு முறை. கைடு போனது மூன்று மாதம் கழித்துத் தெரிந்ததற்கும் அதுதான் காரணம்.

வாரா வாரம் கைடு ரேக்கை இந்த மட்டையால் ஒரு முறை தடவியிருந்தால் எது எப்போது போனது என்று தெரிந்திருக்கும். கேமராவின் 15 நாளுக்குள் தெரிந்திருக்கும்! பூட்ட வேண்டிய பயமும் பாதி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். பயம் வந்ததே என்ன போகிறது என்று தெரியாததால்தான்.

சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக் நூலகத்தில் 1998இலேயே இதைக் கொண்டுவந்தார்கள். அங்கே அவர்கள் தீர்க்க நினைத்தது கவுண்டரில் நிற்கும் நீண்ட வரிசையை. இங்கே கம்பெனிக்காரர் வந்தால் முதலில் கேட்டைத்தான் காட்டுகிறார்.

4 ஆகஸ்ட் 2024

"ஆக, வாங்கலாம் என்கிறீர்கள்" என்று கேள்வி கேட்ட தம்பியே எழுதியிருக்கிறார். இல்லை தம்பி. இன்னும் கேட் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். மட்டையை மட்டும் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். 28,000க்கும் டேக் ஒட்ட வேண்டாம். கைடு, அகராதி, விலை கூடிய குறிப்பு நூல் சேர்த்து உங்களிடம் எத்தனை? 1,400 என்று சொன்னதாக ஞாபகம். டேக் 16,800 ரூபாய், கையடக்க ரீடர் 1,10,000, டேக்கில் பதிவு எண்ணை எழுத மேசை ரீடர் 45,000. ஆக 1,71,800. கேட்டின் விலை மட்டும் டேக் எண்ணிக்கையைப் பார்த்துக் குறையாது. ஒன்றுக்கும் அதே 2,60,000.

வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். பதிவேட்டில் அங்கங்கே 500 எண்ணை எடுத்து, நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ரேக்கில் தேடுங்கள். இல்லாததை மூன்றாகப் பிரியுங்கள். உள்ளேயே கிடக்கிறதா, உறுப்பினர் கையிலா, நிஜமாகவே போனதா. மூன்றாவது எண்ணிக்கை வந்தபிறகு கம்பெனிக்காரரிடம் பேசுங்கள். நான் 212ஐ வைத்துக்கொண்டு இரண்டு வாரம் உங்களிடம் பேசின மாதிரி பேசாதீர்கள்.

5 ஆகஸ்ட் 2024

விட்டுப்போனது. கேட் எங்கேயும் வேண்டாம் என்று நான் சொன்னதாக ஆகிவிட்டது. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகம் மாதிரி 12 லட்சம் புத்தகத்துக்கு இடமுள்ள கட்டடம், பல தளம், வாசலில் காவலாளி, ஒரு நாளில் வருபவர்கள் யாரையும் யாருக்கும் தெரியாது. அங்கே கேட் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? நம் கிளையில் வருபவனின் அப்பா பெயர்கூட எனக்குத் தெரியும். அதுவும் ஒரு மாதிரி கேட்தான், சில நேரம் அதைவிட மோசமான கேட்.

பக்கம் கிழிப்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது திருட்டை விட அதிகம் நடந்தது. வேலைவாய்ப்புப் பக்கம், விடைக்குறிப்பு, கோலப்புள்ளிப் பக்கம். எந்தக் கருவியும் பிடிக்காது. தானாகவே குறைந்தது. எப்போது என்றால், எல்லோர் கையிலும் கேமராவோடு போன் வந்தபோது. நாங்களோ "செல்போன் பயன்படுத்தக் கூடாது" என்று போர்டு வைத்திருந்தோம். அதுவும் சிவப்பு மை.

18 ஆகஸ்ட் 2024

தம்பியின் 500 முடிந்துவிட்டது. இல்லாதது 19. அதில் 11 உள்ளேயே கிடந்தது, 6 உறுப்பினர் கையில், 2 போனது. கூட்டத்தில் படித்துக் காட்டினாராம். வெளிநாட்டுக்காரருக்குக் கேட் இல்லாமல் தன் பெயரை எங்கே எழுதுவது என்று கவலையாம். கைடு ரேக்கில் எழுதுங்கள், ஒரு நாளைக்கு நூறு பேர் பார்ப்பார்கள், கேட்டை யாரும் பார்ப்பதில்லை என்று பதில் சொல்லச் சொன்னேன்.

கைடு பீரோவைத் திறந்து கவுண்டருக்கு எதிரே ரேக்காக வைக்கப் போகிறார்களாம். நூலகர் அம்மா சம்மதிப்பதற்காக, புத்தகம் போனால் வாசகர் வட்டமே பணம் கட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த யோசனை என்னுடையது இல்லை. எனக்கு 31 வருடத்தில் தோன்றவும் இல்லை.

15 செப்டம்பர் 2024

ஒரு கடைசித் திருத்தம்.

வீட்டில் வெள்ளை அடிக்க அலமாரியைக் காலி செய்தோம். மனைவி ஒரு புத்தகத்தை நீட்டி "இது நம்மளதா?" என்றாள். தமிழ்ப் பழமொழித் தொகுப்பு ஒன்று, முதுகில் வெள்ளை மையில் வகை எண், என் கையெழுத்து. இரகசியப் பக்கத்தைத் திருப்பினேன். முத்திரை இருக்கிறது. நோட்டை எடுத்துப் பார்த்தேன். 51இல் 38ஆவது. ஏதோ பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போனபோது எடுத்து வந்திருப்பேன். பதிந்து எடுக்கவில்லை.

51 இல்லை, 50. விலை 95 ரூபாய். அதற்கும் சேர்த்துத்தான் பணம் கட்டியிருக்கிறேன். என்னுடையதாகிவிட்டது, வைத்துக்கொள்ளலாம் என்கிறாள் மனைவி. திங்கட்கிழமை கிளைக்குக் கொண்டு போகிறேன். தாமதக் கட்டணம் கேட்டால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.